துளை எங்கே போட்டார்கள்?

டர்பனின் தெற்கே, மெரிபேங்கில் என் பெரியம்மா வீட்டுக்கு அடுத்த மனை சில வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. முன்பு அங்கே ஒரு கராஜ் நடந்தது. அதற்கும் முன்னால், பெரியம்மா கல்யாணமாகி வந்த புதிதில், சாலையோரம் இரண்டு பெட்ரோல் பம்புகள் இருந்தன. அந்த மனையை வாங்கலாம் என்று அண்ணன் பேச்சுக் கொடுத்தபோது, விற்பவர் ஓர் ஆய்வறிக்கையை நீட்டினார். நிலத்தில் மாசு இல்லை என்று ஒரு ஆலோசனை நிறுவனம் கொடுத்தது. கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை. பென்சீன், டொலுவீன், சைலீன் என்று பெட்ரோலில் இருக்கும் நச்சுப்பொருள்களின் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நேராக ‘கண்டறியப்படவில்லை’.

அண்ணனுக்கு மனம் லேசாகிவிட்டது. பெரியம்மா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அறிக்கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். “இவங்க வந்த அன்னைக்கு நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். கேட் பக்கத்துல ரெண்டு துளை போட்டுட்டு மத்தியானமே போயிட்டாங்க. டேங்கு புதைச்சிருந்தது அந்தக் கோடி மூலையில. அங்க யாரும் போகவே இல்லையே?” என்றார்.

மண்ணையும் தண்ணீரையும் சோதிப்பது பற்றி இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதெல்லாம் பெரியம்மாவின் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். ஆய்வகம் தனக்கு வந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்றுதான் சொல்லும். அந்தப் பாட்டில் எந்த மூலையில், எந்த ஆழத்தில், எந்த நாளில், எப்படி நிரப்பப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. நிலத்தின் உண்மை அங்கேதான் கிடைக்கிறது, அல்லது தவறிப்போகிறது.

டர்பனின் தெற்குப் பக்கத்தை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் நம் முன்னோரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே இறக்கியது. அதற்குப் பின் வந்த வருடங்களில், ஒப்பந்தம் முடிந்த பலர் கிளேர்வுட், மெரிபேங்க் பக்கத்துத் தாழ்வான சதுப்பு நிலங்களில் காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். யாருக்கும் வேண்டாத நிலம் என்பதால் அது கிடைத்தது. பிறகு அதே நிலத்தைத் தொழிற்சாலைகள் தேடி வந்தன. 1954-ல் வென்ட்வொர்த் பக்கம் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1963-ல் தெற்கே சாப்ரெஃப் ஆலை. இரண்டுக்கும் நடுவில் மெரிபேங்க். பக்கத்தில் காகித ஆலை, ஜேக்கப்ஸில் வரிசையாகப் பட்டறைகள், துறைமுகத்திலிருந்து தெருக்களுக்கு அடியில் ஓடும் எண்ணெய்க் குழாய்கள். 2001-ல் பிளஃப் பகுதியின் தாரா ரோட்டில் அப்படி ஒரு குழாய் கசிந்து பத்து லட்சம் லிட்டருக்கும் மேல் பெட்ரோல் மண்ணுக்குள் போனது. வீடுகளுக்கு அடியில்.

காற்றைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். குழந்தைகளின் இழுப்பு, புகை, 2020 டிசம்பர் 4 காலையில் வென்ட்வொர்த் ஆலையில் நடந்த வெடிப்பு எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்தவை. காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றிப் பேச்சு குறைவு. இப்போது அதற்கு அவசரம் கூடியிருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் குழாய்த் தண்ணீர் அடிக்கடி நின்றுபோக, வசதியுள்ள வீடுகளில் தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ டேங்க்கும் அதோடு ஒரு போர்க் கிணறும் வந்துவிட்டன. பெரியம்மா வீட்டிலும் ஒரு போர் இருக்கிறது. கறிவேப்பிலை, முருங்கை, மிளகாய்ச் செடிகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

சரி, ஒரு பழைய பெட்ரோல் டேங்க் ஓட்டையானால் கீழே என்ன நடக்கும்? மணல் மண்ணில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். மேலே இருக்கும் வெற்றிடங்களில் காற்று, ஓர் ஆழத்துக்குக் கீழே தண்ணீர். கசிந்த பெட்ரோலில் ஒரு பகுதி மணலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதி தண்ணீர் மட்டம் வரை இறங்கி, தண்ணீரைவிட லேசானது என்பதால் ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பது போல அங்கே மிதக்கும். அதிலிருந்து பென்சீன் போன்றவை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து, தண்ணீர் போகும் திசையில் போகும். இன்னொரு பகுதி ஆவியாகி மண்ணின் வெற்றிடங்கள் வழியே மேலே ஏறும். மேலே ஒரு வீட்டின் தளம் இருந்தால், அதன் விரிசல்கள் வழியாகவும் குழாய்கள் நுழையும் ஓட்டைகள் வழியாகவும் உள்ளே வரும். ஒரே கசிவு இப்படி மண், நீர், வாயு என மூன்று இடங்களில் குடியிருக்கிறது. அதனால்தான் மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. மண்ணை மட்டும் சோதித்துவிட்டு நிலம் சுத்தம் என்பவர் மூன்று அறைகளில் ஒன்றை மட்டும் திறந்து பார்த்தவர்.

எல்லா மாசும் மிதக்காது. உலர்சலவைக் கடைகளும் உலோகப் பட்டறைகளும் பயன்படுத்திய குளோரின் கலந்த கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. அவை தண்ணீர் மட்டத்தையும் தாண்டி இறங்கி, களிமண் அடுக்கு ஒன்று தடுத்தால்தான் நிற்கும். பெட்ரோல் ஆவியைப் பிராணவாயு உள்ள மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும், பல இடங்களில் ஓரிரண்டு மீட்டருக்குள்ளேயே அது அழிந்துபோகும். டெட்ராகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான் ஆவி விஷயத்தில் நமக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. ஆகவே மனையில் முன்பு என்ன தொழில் நடந்தது என்று தெரியாமல் துளை போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவதற்குச் சமம். ஒழுங்கான ஆய்வு கடப்பாரையோடு தொடங்காது. பழைய நகராட்சி வரைபடங்கள், வானிலிருந்து எடுத்த பழைய படங்கள், டேங்க் உரிமப் பதிவுகள், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்தத் தெருவில் நாற்பது வருடமாகத் துணி காயப்போடும் ஒருவரை விசாரிக்காமல் எழுதிய அறிக்கையை நான் முழுசாக நம்ப மாட்டேன்.

இனி தண்ணீர். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று சோதனைக் குழாய்கள் வேண்டும், அவை ஒரே கோட்டில் இருக்கக் கூடாது, முக்கோணமாக இருக்க வேண்டும். மூன்றிலும் தண்ணீர் மட்டத்தை ஒரே நாளில் அளந்து, மூன்று குழாய் வாய்களின் உயரத்தையும் ஒரே அடையாளத்திலிருந்து கணக்கிட்டால், நீர்ப்பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு துளைகளை வைத்து ஒருபோதும் திசை சொல்ல முடியாது. அண்ணன் கையில் இருந்த அறிக்கையில் இரண்டே துளைகள், ஆனால் ஒரு அம்புக்குறி மட்டும் கம்பீரமாக வரையப்பட்டிருந்தது. மாசு மூலத்துக்கு மேல்பக்கம் ஒரு குழாய் வேண்டும், வெளியிலிருந்து ஏற்கெனவே என்ன வருகிறது என்று அறிய. மூலத்தை ஒட்டி ஒன்று. கீழ்ப்பக்கம், பக்கத்து வீட்டு எல்லைக்கு அருகில் ஒன்று. கேட் பக்கத்தில் துளை போட்டவர்கள், தண்ணீர் வரும் பக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கவும் கூடும்.

சோதனைக் குழாய் என்பது வெறும் துளை அல்ல. வழக்கமாக 50 மில்லிமீட்டர் பிவிசி குழாய், அடிப்பகுதியில் மட்டும் மெல்லிய வெட்டுகள். அந்த வெட்டுகளைச் சுற்றிச் சலித்த மணல், அதற்கு மேல் பென்டனைட் களிமண் அடைப்பு, மேலே பூட்டு போட்ட மூடி. பென்டனைட் நீர் பட்டால் உப்பி இறுகும். அந்த அடைப்பு சரியில்லையென்றால் மழைத் தண்ணீர் பக்கவாட்டில் இறங்கி மாதிரியை நீர்க்கச் செய்துவிடும். இன்னொரு முக்கியமான விஷயம் வெட்டுகள் தொடங்கும் இடம். பெட்ரோல் நீர்மட்டத்தின் மேல் மிதப்பதால், வெட்டுப்பகுதி நீர்மட்டத்தைக் கடந்து மேலேயும் இருக்க வேண்டும். அது முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், மிதக்கும் பெட்ரோல் அடுக்கு குழாய்க்குள் நுழையவே நுழையாது, அறிக்கையில் பெட்ரோல் இல்லை என்று வரும்.

குழாயில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் நிலத்தின் தண்ணீர் அல்ல. நாள்கணக்கில் காற்றோடு உறவாடி, ஆவியாகக்கூடியவற்றை இழந்துவிட்ட பழைய தண்ணீர் அது. எனவே மாதிரி எடுக்குமுன் அதை வெளியேற்ற வேண்டும். 50 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் இரண்டு லிட்டர் நிற்கும். மூன்று மீட்டர் என்றால் ஆறு லிட்டர். பழைய முறைப்படி அதைப்போல மூன்று மடங்கு, அதாவது பதினெட்டு லிட்டர் எடுத்து ஊற்றிவிட்டுத்தான் மாதிரி பிடிப்பார்கள். இப்போது பலரும் விரும்புவது மெதுவாக உறிஞ்சும் முறை. நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாக இழுத்தபடி, தண்ணீரின் வெப்பம், அமிலத்தன்மை, மின்கடத்துத் திறன், கரைந்த பிராணவாயு ஆகியவற்றை அளந்துகொண்டே இருப்பார்கள். எண்கள் அசையாமல் நிற்கும்போது புதுத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். பொறுமை வேண்டும். ஒரு குழாய்க்கே ஒரு மணி நேரம் ஆகலாம். வாளி போல ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொப்பென்று இறக்கிக் கலக்கி எடுத்தால், சேறும் வரும், ஆவியும் போய்விடும்.

பாட்டிலும் அப்படித்தான். பென்சீனுக்கான மாதிரியை 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு தளும்ப நிரப்பி மூட வேண்டும். கவிழ்த்துத் தட்டினால் ஒரு குமிழிகூட ஏறக்கூடாது. குமிழி இருந்தால் பென்சீன் தண்ணீரை விட்டு அதற்குள் போய்விடும். குப்பிக்குள் நுண்ணுயிர்கள் மாசைத் தின்றுவிடாமல் இருக்கக் கொஞ்சம் அமிலம் முன்பே போட்டிருக்கும். பிறகு பனிக்கட்டிப் பெட்டி, சுமார் 4 டிகிரி, பதினான்கு நாளுக்குள் ஆய்வு. இவற்றோடு ஆய்வகத்திலிருந்து சுத்தமான நீர் நிரப்பிய ஒரு குப்பியும் பயணம் போய்த் திரும்பும். அதில் பென்சீன் தென்பட்டால் வண்டியிலோ பெட்டியிலோ ஏதோ கலந்திருக்கிறது. ஒரே குழாயிலிருந்து இரண்டு மாதிரிகள் எடுத்து, வேறு வேறு பெயரில் அனுப்பி ஆய்வகத்தையும் சோதிப்பதுண்டு. அறிக்கையின் பின்னிணைப்பில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்ற கையெழுத்துத் தாளும் இருக்க வேண்டும்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், நாம் தேடும் அளவு அவ்வளவு சிறியது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு கிராம் பென்சீன் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும், 5,000 லிட்டர் ஜோஜோ டேங்க் இருபது. பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்குதான் பென்சீன் என்று வைத்துக்கொண்டாலும், கசிந்த ஒரு லிட்டரில் ஏழு கிராம் இருக்கிறது.

இங்கேதான் ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். எந்த அளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை? ஆய்வகத்தின் கருவியோ முறையோ லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே காணாது என்றால், 40 இருந்தாலும் ‘கண்டறியப்படவில்லை’ என்றுதான் அச்சாகும். அது பாதுகாப்பு அளவைப்போல நான்கு மடங்கு! அட்டவணையில் கண்டறியும் எல்லை என்று ஒரு பத்தி இருக்கும். அதை ஒப்பிடும் அளவோடு சேர்த்துப் படிக்காமல் அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

மண்வாயு இன்னும் நுட்பமான வேலை. மூக்கை நம்பிப் பயனில்லை. தென்னாப்பிரிக்காவின் காற்றுத் தர விதிப்படி பென்சீனின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. மூக்கு பென்சீனை உணர அதைப்போல ஆயிரம் மடங்காவது வேண்டும். வாடை இல்லை, அதனால் பயமில்லை என்று நம் வீடுகளில் சொல்வது இயல்புதான். ஆனால் இந்த விஷயத்தில் அது ஆறுதல் ஆகாது.

முறை இப்படி. மெல்லிய குழாய் ஒன்றைச் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, முனையைச் சுற்றி மணலும் அதற்கு மேல் ஈரமான பென்டனைட்டும் போட்டு அடைப்பார்கள். துளை போட்டபோது மண்ணின் வாயு கலைந்துவிட்டது, அது பழைய நிலைக்குத் திரும்ப நேரம் கொடுக்க வேண்டும். சில மணி நேரமாவது, துளைக்கும் முறையைப் பொறுத்து இரண்டு நாள்கூட. பிறகு குழாய்க்குள் இருக்கும் பழைய காற்றை அளந்து வெளியே எடுத்துவிட்டு, நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக, காற்று அகற்றிய எஃகுக் கலனுக்குள் இழுப்பார்கள். வேகமாக உறிஞ்சினால் மேலிருந்து நல்ல காற்று இறங்கிக் கலந்துவிடும். கலந்ததா என்று பார்க்க ஒரு அழகான வழி உண்டு. குழாய் தரையில் நுழையும் இடத்தை ஒரு சிறு கூடாரம் போல மூடி, அதற்குள் ஹீலியம் நிரப்புவார்கள். உள்ளே இழுத்த மாதிரியில் ஹீலியம் தென்பட்டால் அடைப்பு கசிகிறது, அந்த மாதிரி செல்லாது. இந்தச் சோதனை செய்யாத மண்வாயு அறிக்கை, மூடி சரியாக மூடாத குக்கரில் வெந்த பருப்பு மாதிரி, உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல முடியாது.

மனையில் கட்டடம் இருந்தால், தளத்தில் சிறு துளை போட்டு அதன் அடியிலிருந்தே வாயு எடுப்பது இன்னும் நல்லது. தளத்துக்கு அடியில் இருப்பதில் நூற்றுக்கு மூன்று பங்கு உள்ளே வரலாம் என்று முதல் கட்டக் கணிப்புக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2015 முதல் எடுத்துக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால் அடியில் கனமீட்டருக்கு 1,000 மைக்ரோகிராம் பென்சீன் இருந்தால் வீட்டுக்குள் 30 வரலாம், நம் விதியில் உள்ள அளவைப்போல ஆறு மடங்கு.

மழை இந்த வேலையின் பெரிய எதிரி. மழை பெய்தால் மேல்மண்ணின் வெற்றிடங்கள் தண்ணீரால் அடைபடும், வாயு அங்கே வராது, கட்டடத்துக்கு அடியில் காய்ந்திருக்கும் மண்ணைத் தேடி ஒதுங்கும். பலத்த மழைக்குப் பின் ஐந்து நாளாவது பொறுத்து எடுப்பது நல்ல வழக்கம். டர்பனில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை அப்படி ஐந்து காய்ந்த நாள் கிடைப்பதே சிரமம், அதனால் அவசரத்தில் எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கேட் பக்கத்துத் துளைகள் போட்ட தேதியை அண்ணன் பார்த்தார். ஜனவரி மாதம். அதற்கு முந்தைய இரவு இடியும் மழையும் என்று பெரியம்மா சொன்னார், துணி காயவில்லை என்று அவருக்கு நினைவிருந்தது. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. வாங்குபவர் தன் பிள்ளைகளோடு குடியிருக்கப்போகிற இடம் அது.

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. மாசடைந்த நிலம் பற்றிய 2008 கழிவுச் சட்டத்தின் பகுதி 2014 மே 2-ல் நடைமுறைக்கு வந்தது, கூடவே மண்ணுக்கான அளவுகளும். அவற்றில் ஒரே பொருளுக்குப் பல எண்கள் இருக்கும். காரீயத்தை எடுத்துக்கொண்டால், நீர்நிலைகளைக் காக்க ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம், குடிசைப் பகுதிக்கு 110, சாதாரணக் குடியிருப்புக்கு 230, வணிகத் தொழில் இடத்துக்கு 1,900. காரீயம் கலந்த பெட்ரோல் 2006 வரை இங்கே விற்றது என்பதால் பழைய பம்பு மனைகளில் இதையும் பார்க்க வேண்டும். பட்டறை நிலத்துக்கான 1,900-ஐ வைத்து ‘பாஸ்’ போட்டுவிட்டு, அதே நிலத்தை வீட்டு மனையாக விற்கும் தந்திரத்தைக் கவனியுங்கள். எந்தப் பத்தியின் எண் உங்களுக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். நிலம் மாசடைந்தது என்று அரசு அறிவித்திருந்தால், வாங்குபவரிடம் சொல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது.

‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்று பத்திரத்தில் ஒரு சொல் வரும். இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அதைப் படித்ததும் நம் ஆட்கள் பலர், இனி எதுவும் கேட்க முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். விற்பவருக்குக் குறை தெரிந்திருந்து வேண்டுமென்றே மறைத்திருந்தால், அந்தச் சொல் அவரைக் காப்பாற்றாது. 2022 பிப்ரவரி முதல் தரகர் மூலம் விற்கும்போது, தெரிந்த குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவமும் கட்டாயம். அதில் புதைந்த டேங்க் பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

அண்ணன் விற்பவரிடம் மறு ஆய்வு கேட்டார். முதலில் மறுத்தார், பிறகு செலவில் பாதி ஏற்றுக்கொண்டார். வேறு ஆட்கள் ஜூலையில் வந்தார்கள். காய்ந்த மாதம். பெரியம்மாவை அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டு, அவர் கைகாட்டிய மூலையில் ஒன்று, மேல்பக்கம் ஒன்று, எங்கள் மதில் ஓரம் ஒன்று என்று மூன்று குழாய் இறக்கினார்கள். மூலையில் இருந்ததில் தண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதந்தது. மதில் ஓரத்துக் குழாயில் பென்சீன் குடிநீர் அளவைத் தாண்டியிருந்தது. மூன்று மட்டங்களையும் சேர்த்து அவர்கள் வரைந்த அம்பு பெரியம்மாவின் போர் பக்கம் திரும்பியிருந்தது.

அந்தப் போர்த் தண்ணீரையும் ஒரு குப்பியில் எடுத்துப் போயிருக்கிறார்கள். நீர்மட்டம் ஏறும் பிப்ரவரியில் மறுபடி எடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள், ஒரு பருவத்து எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டோம் என்று. போரின் மோட்டார் ஸ்விட்சில் பெரியம்மா ஒரு துணியைக் கட்டி வைத்திருக்கிறார். கறிவேப்பிலைக்கு இப்போது குழாய்த் தண்ணீர்தான், அது வராத நாளில் அடுத்த தெருவிலிருந்து வாளியில் வருகிறது.